நட்சத்திரம் போடாத ஜீப்: ஒரு ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ.வின் பெயின்ட் வேலை

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு ஷெட்டில் பல வருடமாக நின்றுபோயிருந்த ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஜீப்புக்குப் பெயின்ட் வேலை செய்த பதிவு இது. எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் வேறொருவர் பார்த்துக்கொண்டார். தகடு, நிறம், எழுத்து மூன்றும் என் பொறுப்பு.

மீட்டெடுத்த பழைய ராணுவ ஜீப்புகளைக் கண்காட்சிகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. எஞ்சினுக்கு லட்சக்கணக்கில் செலவழித்திருப்பார்கள். சரியான கார்புரேட்டரைத் தேடி அலைந்து வாங்கியிருப்பார்கள். கடைசியில் கடையில் கிடைத்த ஏதோ ஒரு பச்சையைப் பளபளவென்று அடித்து, பானட்டில் நேசப்படை அடையாளமான பெரிய வெள்ளை நட்சத்திரத்தைப் போட்டு, எங்கோ படத்தில் பார்த்த எண்ணை எழுதிவிடுவார்கள். அந்த வண்டி எந்தப் படையில் ஓடியது, அதில் என்ன எழுதியிருந்தது என்பதற்கான சாட்சி பழைய பெயின்டில்தான் இருந்திருக்கும். அதைச் சுரண்டி எறிந்துவிட்டு அதன்மேல் கற்பனையை எழுதுவதை என் மனசு ஒப்புவதில்லை. அதனால் சொந்தக்காரரிடம் ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொண்டேன்: வண்டியில் எது இருந்ததோ அதை மட்டும் எழுதுவோம், தெரியாத இடத்தைக் காலியாக விடுவோம்.

முதலில் இது எந்த ஜீப் என்று உறுதிசெய்ய வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வில்லிஸ் கம்பெனி எம்.பி. என்ற பெயரிலும், ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. என்ற பெயரிலும் ஒரே வடிவமைப்பில் 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தன. ஒன்றின் பாகம் இன்னொன்றில் அப்படியே பொருந்தும். எழுபது எண்பது வருடத்தில் நம் மெக்கானிக்குகள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். எஞ்சின் வில்லிஸ், ஆக்ஸில் ஃபோர்டு, பானட் மகிந்திரா என்று கலந்து கட்டிய வண்டிகள்தான் அதிகம். ஆனால் சேஸிஸ் பொய் சொல்லாது. ரேடியேட்டருக்குக் கீழே முன்பக்கக் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாயாக இருக்கும். ஃபோர்டில் தகட்டை மடித்து, கவிழ்த்த 'ப' போல இருக்கும். இதில் கவிழ்த்த 'ப'. இடது சேஸிஸ் சட்டத்தின் மேல்முகத்தில் கம்பி பிரஷ் போடாமல், மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கிரீஸைத் துடைத்ததும் வெட்டு எண்ணும் தெரிந்தது. ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டுத் தலைகளில்கூட, 'எஃப்' முத்திரை குத்தியது. பானட் கீல், கிரில் போல்ட், டூல்பாக்ஸ் மூடி என்று பல இடத்தில் அது அப்படியே இருந்தது. பானட் இதே வண்டியுடையது என்று நம்ப இதெல்லாம் எனக்கு முக்கியம். ஏனென்றால் எழுத்து இருக்க வேண்டிய இடமே பானட்டின் பக்கவாட்டுதான். பானட் வேறு வண்டியுடையது என்றால் அதில் கிடைக்கும் எண்ணும் வேறு வண்டியுடையதாகிவிடும்.

போர் முடிந்ததும் இங்கே தேங்கிப்போன ராணுவ வண்டிகள் ஏலத்தில் வந்தன. 'டிஸ்போசல் ஜீப்' என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது அவற்றைத்தான். எஸ்டேட்காரர்களும் மில்காரர்களும் வாங்கினார்கள். இந்த வண்டியும் அப்படி வந்ததுதான் என்று வீட்டில் சொன்னார்கள். எல்லாப் போர்க்கால ஜீப்பையும் போல ஸ்டியரிங் இடது பக்கம். பின்னால் யாரும் அதை மாற்றாமல் விட்டது நல்ல காலம்.

வெளியே தெரிந்த நிறம் மெரூன். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், மணலை வேகமாகப் பீய்ச்சிப் பெயின்டை உரிக்கும் சேண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி. பிளாஸ்டிங்கில் பத்து நிமிடத்தில் பளிச்சென்ற தகடு கிடைக்கும். கூடவே எல்லாத் தடயமும் தூசியாகப் போய்விடும். ரசாயன ரிமூவரும் அதே மாதிரிதான், எல்லா அடுக்கையும் ஒன்றாகச் சுருட்டிக்கொண்டு வரும்.

வண்டியைக் கழுவி நிழலில் நிறுத்தி, முதலில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஷெட் கதவைச் சாத்திவிட்டு, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் வைத்து ஒளியைப் பக்கவாட்டில் ஓடவிட வேண்டும். எழுத்து இருக்கும் இடத்தில் கூடுதலாக ஒரு பூச்சு இருப்பதால் அதன் விளிம்பு மெல்லிய மேடாகத் தெரியும். மேலே நாலு நிறம் அடித்திருந்தாலும் அந்த மேடு போகாது, இடையில் யாரும் ஆழமாகத் தேய்க்காமல் இருந்தால். பானட்டின் இடது பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடும் அதையடுத்து ஒரு வளைவும் தெரிந்தன. அவ்வளவுதான், ஆனால் அது போதும்.

அடுத்தது தேய்ப்பு. 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, விரல் நுனியளவு மடித்து, எழுத்து இருக்காது என்று தெரிந்த ஒரு மூலையில் வட்டமாகத் தேய்த்தேன். நடுவில் அழுத்தமாக, ஓரம் போகப் போக லேசாக. தகடு தெரிந்ததும் 800 நம்பரால் ஓரங்களைச் சரித்துவிட்டால், மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் போல ஒவ்வொரு அடுக்கும் ஒரு வளையமாக விரியும். வெளியிலிருந்து உள்ளே: மெரூன், அதன் கீழ் அலுமினியப் பெயின்ட், அதன் கீழ் எஸ்டேட் காலத்து வெளிர்பச்சை. பிறகு கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு அடர் பச்சை, அதன் கீழ் பழுப்போடிய ஆலிவ், கடைசியாகச் செங்காவி பிரைமர், தகடு. இந்த வரிசையை வைத்துத்தான் மேற்கொண்டு எல்லா முடிவும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், வெள்ளையிலும் மஞ்சளிலும் இன்னும் அதிகம். உலர் தேய்ப்பு வேண்டவே வேண்டாம். ஈரத்தில் மட்டும் தேயுங்கள், கையுறையும் முகமூடியும் கட்டாயம். தேய்த்த சேற்றைத் துணியால் எடுத்துத் தனியாகக் கட்டி வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டு முற்றத்தில் இந்த வேலை செய்யக் கூடாது.

வரிசை தெரிந்த பிறகு எழுத்து இருந்த இடத்துக்கு வந்தேன். இங்கே 800, 1000 நம்பர் தாள்கள் மட்டும். தேய்ப்பது, துடைப்பது, ஈரத்தோடு பார்ப்பது, போட்டோ எடுப்பது, மறுபடி தேய்ப்பது. வெளிர்பச்சை மெலிந்து அதன் அடியில் வெள்ளை எட்டிப் பார்க்கும் அந்தத் தருணத்தில் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் வெள்ளையும் போய்விடும். மெல்ல மெல்ல 'எம்' என்ற ஆங்கில எழுத்து முழுசாக வந்தது. அதன் பின்னால் இலக்கங்கள். இடது பக்கத்தில் எண்ணின் பின்பாதி இருந்த தகடு துருப்பிடித்ததால் யாரோ எப்போதோ அதை வெட்டி, தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள், அந்தப் பகுதி போனதுதான். ஆனால் வலது பக்கத்தில் எண்ணின் முன்பாதி நசுங்கி பட்டி பூசப்பட்டிருந்தாலும் பின்பாதி தப்பியிருந்தது. இரண்டையும் டிரான்ஸ்பரண்ட் ஷீட்டில் தனித்தனியாகப் பிரதி எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது, நடுவில் பொதுவாக வந்த இலக்கங்கள் அச்சாக ஒத்துப்போயின. ஏழு இலக்கமும் கிடைத்துவிட்டன. அன்றைக்கு வீட்டுப் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு வண்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "எங்கப்பா காலத்துல இருந்து பார்க்கறனுங்க தம்பி, இதுக்குள்ள ஒரு நம்பர் இருக்கும்னு ஒருத்தரும் சொல்லலையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த 'எம்'தான் வண்டியின் கதையைத் திருப்பிப்போட்டது. அமெரிக்கப் படை ஜீப்புக்குப் பானட் பக்கவாட்டில் வேறு மாதிரி எழுதுவார்கள்: 'யூ.எஸ்.ஏ.', அதன் பின் 20 என்று தொடங்கும் நீளமான எண். இந்த 20 இந்த ரகச் சிறு வண்டிக்கான வகை எண். ஆரம்பத்தில் அந்த எழுத்தை வெள்ளையில்கூட எழுதவில்லை. புளூ டிராப் என்ற மங்கிய நீலத்தில் எழுதினார்கள், தூரத்திலிருந்து தெரியக் கூடாது என்பதற்காக. பிரிட்டிஷ் முறையோ வண்டியின் வகைக்கு ஓர் எழுத்து: லாரிக்கு எல், மோட்டார் சைக்கிளுக்கு சி, டாங்கிக்கு டி, காருக்கு எம். போர்க்காலத்தில் நட்பு நாடுகளுக்கு அமெரிக்கா தளவாடம் கொடுத்த லெண்ட்-லீஸ் ஏற்பாட்டில் வந்த ஜீப்பையும் கார் வகையில் சேர்த்து எம் கொடுத்தார்கள். ஆக இது பிரிட்டிஷ் அல்லது இந்தியப் படையிடம் இருந்த வண்டி. வெள்ளை எழுத்துக்கு அடியில் புளூ டிராப் ஏதாவது இருக்கிறதா என்று பானட்டின் இரு பக்கமும் ஓரங்களில் தேய்த்துப் பார்த்தேன். இல்லை. பானட் மேலே நட்சத்திரத்தின் தடம் இருக்கிறதா என்று நடுவிலிருந்து ஓரம் வரை டார்ச்சிலும் தேய்ப்பிலும் தேடினேன். அங்கேயும் இல்லை. முன்பக்கத் தகட்டில் மட்டும் மஞ்சளில் ஒரு வில் வளைவு கிடைத்தது. வட்டத்தின் கால்பங்கு இருக்கும். பாலத்தின் தாங்கு சக்திக்கு ஏற்ப வண்டி எந்த வகுப்பு என்று காட்டும் மஞ்சள் வட்டம் அது. உள்ளே கறுப்பில் இலக்கம் இருக்கும், ஜீப்புக்கு 2.

அடர் பச்சை எப்படி வந்தது என்பதும் இதோடு சேர்ந்து விளங்கியது. 1944 ஏப்ரலில் பிரிட்டிஷ் ராணுவம் எஸ்.சி.சி. 15 என்ற ஆலிவை அடிப்படை நிறமாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்க வண்டிகளைத் திரும்ப அடிக்கத் தேவையில்லாமல் இருக்கட்டும் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் கிழக்குப் போர்முனைக்கு வேறு கணக்கு. பர்மாக் காட்டுக்கு அமெரிக்க ஆலிவ் போதவில்லை, அதைவிட அடர்த்தியான ஜங்கிள் கிரீன் அடித்தார்கள். இந்த வண்டியில் எம் எண் எழுதியிருந்தது அந்த அடர் பச்சையின் மேல்தான், கீழே இருந்த ஃபோர்டு ஆலிவின் மேல் அல்ல. எந்த நிறத்தில் வண்டியை முடிப்பது என்ற கேள்விக்கு இதுவே பதில். ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிறத்தை அடித்து அதன்மேல் பிரிட்டிஷ் எண்ணை எழுதினால், இந்த வண்டி ஒரு நாளும் இருந்திராத கோலம் அது.

ஆனாலும் ஃபோர்டு ஆலிவை விட்டுவிட மனசில்லை. டேஷ்போர்டு உள்புறம், டூல்பாக்ஸ் உள்ளே, டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் உட்காரும் குழி, இங்கெல்லாம் ராணுவம் இரண்டாம் முறை அடிக்கவில்லை. பழைய ஃபோர்டு பூச்சு அப்படியே இருந்தது. டூல்பாக்ஸ்களின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்து, துருவை நிறுத்தி, தொடாமல் விட்டுவிட்டோம். மற்ற உள்பகுதிகளில் தொழிற்சாலை ஆலிவ், வெளியே அடர் பச்சை என்று முடிவானது. எஞ்சின் ஃபோர்டு வழக்கப்படி சாம்பல் நிறம். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றியபோது அதன் பின்னால் கிரீஸ் மூடிப் பாதுகாத்த இடத்தில் அந்தச் சாம்பல் கிடைத்தது, அதையே மாதிரியாக எடுத்துக்கொண்டோம். எஞ்சினையும் பச்சையில் முக்கியெடுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. ஃபோர்டுக்கு அது பொருந்தாது.

நிறம் பொருத்துவதுதான் நீண்ட வேலை. கடையில் போய் 'மிலிட்டரி கிரீன்' என்று கேட்டால் இன்றைய ராணுவ வண்டிகளின் பச்சையைத்தான் தருவார்கள். அதற்கும் 1940-களின் ஆலிவுக்கும் சம்பந்தமே கிடையாது. அமெரிக்க ஆலிவ் டிராப் அடிப்படையில் மஞ்சள் காவியும் கறுப்பும் கலந்தது. பச்சை நிறமி போடாமலே கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும், வெயிலில் பழுப்பாகத் திரும்பும். புத்தகங்களில் எஃப்.எஸ். எண்களை, அதாவது அமெரிக்க அரசின் நிற அட்டவணை எண்களைச் சொல்வார்கள். அந்த அட்டவணை 1956-இல்தான் வந்தது, போர்க்காலத்தில் அது இல்லவே இல்லை. ஆனாலும் வழிகாட்டியாகப் பயன்படும். ஐந்து இலக்கத்தில் முதல் இலக்கம் மினுமினுப்பு: 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் பாதி, 3 என்றால் மேட். இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம். போர்க்கால ஆலிவுக்குப் பக்கத்தில் வருவது என்று பலரும் எடுத்துக்கொள்வது 33070. இதில் இரண்டாவது இலக்கம் 3 என்பதால் அது மஞ்சள் குடும்பத்தில் நிற்கிறது, பச்சையில் அல்ல. கலவை மஞ்சளும் கறுப்பும் என்று மேலே சொன்னது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. 24087 என்பது போருக்குப் பிந்தைய பாதிப் பளபளப்பு. அதை அடித்துவிட்டு 1943 வண்டி என்று நிறுத்தியிருப்பதை நிறையப் பார்க்கலாம்.

எண்ணை நம்பாமல் வண்டியையே நம்புவது என்று முடிவு செய்தேன். கையுறைப் பெட்டி மூடியில் ஃபோர்டு தகவல் தகடுகள் ஆணியடித்திருக்கும். அதில் ஒன்றை மெதுவாகக் கழற்றினால் அடியில் வெயிலே படாத ஆலிவ். வெளிப்புற அடர் பச்சைக்கு விண்ட்ஸ்கிரீன் கீலின் அடிப்பகுதி. இப்படி மறைந்திருந்த இடங்களையும் 2000 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்துத்தான் ஒப்பிட வேண்டும், மேலே படிந்த அழுக்கும் வெளுப்பும் போனால்தான் உண்மையான நிறம் தெரியும்.

கலர் கடையில் மெஷின் வைத்து நிறத்தைப் படித்துக் கலந்து தருகிறார்கள். பளபளப்பான காருக்கு அது சரி. மேட் பரப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் மெஷின் அதை உள்ளதைவிட வெளுப்பாகப் படிக்கும். அதனால் நான் எப்போதும் ஈரத்துக்கு ஈரம்தான் ஒப்பிடுவேன். பழைய பெயின்ட் மேலும் புதிதாகக் காய்ந்த மாதிரித் தகடு மேலும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தடவ வேண்டும். தண்ணீர் பரப்பைச் சமமாக்கிவிடும், மினுமினுப்பின் வித்தியாசம் மறைந்து நிறம் மட்டும் நிற்கும். அதில் ஒத்துப்போனால் நிறம் முடிந்தது. மேட் எவ்வளவு என்பதைப் பிறகு தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கப்போனால் எதுவும் கைக்கு வராது. இன்னொன்று: காலை வெளிச்சம், உச்சி வெயில், டியூப் லைட், மூன்றிலும் பாருங்கள். வேறு நிறமிகளால் கலந்த பெயின்ட் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய் இன்னொன்றில் விலகி நிற்கும். மஞ்சள் காவியும் கறுப்பும் அடிப்படையாக வைத்துக் கலக்கச் சொன்னால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

தகட்டு வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்துகளைப் பிரதி எடுத்து, அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்து முடித்த பிறகுதான் பழைய பட்டியைப் பெயர்த்தோம். தரைத் தகடும் பின் மூலைகளும் துருவில் பொடியாகியிருந்தன, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாகிவிட்டது. வெறும் தகட்டில் எபாக்ஸி பிரைமர். அதன்மேல் செங்காவி நிறத்தில் ஒரு பூச்சு. அது கண்ணுக்குத் தெரியாதுதானே என்று கேட்டார்கள். கல் பட்டு மேல்பூச்சு பெயர்ந்தால் அடியில் தெரிய வேண்டியது ஃபோர்டு பிரைமரின் சிவப்பு. எபாக்ஸியின் சாம்பல் தெரிந்தால் வண்டியின் முகமே மாறிவிடும்.

மேல்பூச்சுக்குப் பி.யு. (பாலியூரிதேன்) மேட் அடிக்கலாம் என்று பலரும் சொன்னார்கள். உழைப்பில் அதுதான் கெட்டி, பெட்ரோல் சிந்தினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் முகத்தில் ஒரு பிளாஸ்டிக் தன்மை இருக்கிறது, பழைய வண்டிக்கு ஒட்டவே ஒட்டாது. அசல் பூச்சு சிந்தெடிக் எனாமல் வகை. அதனால் சிந்தெடிக் எனாமலையே எடுத்தேன். காய நேரம் பிடிக்கும், ஆனால் பின்னால் ரிப்பேர் செய்வது சுலபம். மழை வெயிலில் தினமும் நிற்கிற வண்டி என்றால் என் பதில் வேறாக இருக்கும். இது ஷெட்டில் நிற்கப்போகிற வண்டி.

மேட் என்றால் கரும்பலகை மாதிரிச் செத்துக் கிடக்க வேண்டும் என்று நினைப்பதும் தவறு. போருக்கு முன் அமெரிக்க ராணுவ வண்டிகள் பளபளப்பாகத்தான் இருந்தன. மேலே பறக்கும் விமானத்துக்கு வெயில் மினுக்கம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான் மேட்டுக்கு மாறினார்கள். நேராகப் பார்த்தால் மங்கலாகவும், கண்ணைத் தகட்டோடு தாழ்த்திச் சாய்வாகப் பார்த்தால் மெல்லிய ஒரு ஒளியோடும் இருப்பதுதான் அந்தப் பூச்சு. டூல்பாக்ஸ் உள்ளே மிஞ்சியிருந்த அசலில் அது தெளிவாகத் தெரிந்தது. அதே நிறத்தில் மேட் எனாமலும் கிளாஸ் எனாமலும் தனித்தனியாகக் கலக்கச் சொல்லி வாங்கி, மாதிரித் தகடுகளில் வெவ்வேறு விகிதத்தில் அடித்து, அசலின் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். மூன்று பங்கு மேட்டுக்கு ஒரு பங்கு கிளாஸுக்குச் சற்றுக் குறைவு என்ற இடத்தில் நின்றது.

ஸ்ப்ரே அடித்த அண்ணன் கார் பெயின்டில் கைதேர்ந்தவர். "ஏனுங்க, இத்தனை செலவு பண்ணி வண்டிக்கு ஷைனிங்கே வேண்டாங்கறீங்களே" என்று வருத்தமாகக் கேட்டார். அசல் பூச்சைக் காட்டியதும், "சரிங்க, அப்ப இது வேற வித்தை" என்று அன்றே மாதிரித் தகட்டில் பழக ஆரம்பித்துவிட்டார். உண்மையிலேயே வேறு வித்தைதான். கிளாஸில் சின்னப் பிசிறு விழுந்தால் தேய்த்து பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம். மேட்டில் தேய்த்த இடம் மினுங்கும், தொட்டதெல்லாம் வடு. ஒரு பேனலை ஆரம்பித்தால் முடிக்காமல் நிறுத்தக் கூடாது. ஸ்ப்ரே துப்பாக்கியை எட்டு ஒன்பது அங்குலத் தூரத்தில் ஒரே சீராக நகர்த்த வேண்டும். ஒரு இழுப்பின் பாதியை அடுத்த இழுப்பு மூட வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்ததும் புலிக்கோடு விழும். கடைசிப் பூச்சை முந்தியதற்குக் குறுக்காக அடித்தார். மேட் தூள் டப்பாவின் அடியில் படிந்துவிடும் என்பதால் துப்பாக்கிக் கப்பில் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து கிளறி ஊற்ற வேண்டும். முதல் கப்புக்கும் கடைசிக் கப்புக்கும் மினுமினுப்பு மாறிப்போவது பெரும்பாலும் இதனால்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மதியத்துக்கு மேல் தூசியைக் கொண்டுவந்து கொட்டும். அதனால் பனி ஈரம் காய்ந்த பிறகு காலையில் ஆரம்பித்து, காற்று கிளம்புவதற்குள் முடித்துவிடுவோம்.

இனி எழுத்து. இதற்கு ஸ்டிக்கரும் வேண்டாம், கம்ப்யூட்டரில் வெட்டிய ஸ்டென்சிலும் வேண்டாம் என்று எழுத்தே சொல்லிவிட்டது. தேய்த்தெடுத்த இலக்கங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பிரஷ் இழுத்த வரிகள் தெரிந்தன. ஸ்டென்சில் என்றால் எழுத்தின் நடுவில் தகட்டைத் தாங்கும் பாலம் இருக்கும், அந்த இடைவெளி இதில் எங்கும் இல்லை. உயரம் மூன்றரை அங்குலம், கோட்டின் அகலம் அரை அங்குலத்துக்குப் பக்கம். இடது பக்கத்து 5-இன் வயிறு வலது பக்கத்து 5-ஐவிடக் கொஞ்சம் பெருத்திருந்தது. ஒரு ஆள் நின்றுகொண்டு, கையால் எழுதியிருக்கிறான்.

அதே மாதிரி கையால் எழுதும் ஆள் வேண்டும். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு போர்டு எழுதுபவர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள், லாரி பட்டறைகளில்தான் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அப்படி ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். பிரதி எடுத்த ஷீட்டை நீண்ட நேரம் பார்த்தார். "இந்த எழுத்து நமக்கு வருமுங்க. ஆனா அஞ்சு ரெண்டும் ஒரே மாதிரி வேணுமா, இருந்த மாதிரி வேணுமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே சரியான ஆளிடம் வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது. இருந்த மாதிரியே என்றேன். நூலில் சாக்பீஸ் தடவி, மேலும் கீழும் கோடு தட்டிக்கொண்டார். ஷீட்டின் பின்பக்கத்தில் சாக்பீஸ் தேய்த்து, பானட்டில் பழைய இடத்தில் ஒட்டி, பென்சிலால் ஓரங்களை அழுத்தியதும் மங்கலான உருவம் இறங்கியது. பிறகு இடது கையில் குச்சியை ஊன்றி அதன்மேல் வலது கையைத் தாங்கவைத்து, நீள முடி பிரஷ்ஷால் ஒரே மூச்சில் ஒரு கோடு. நின்று பார்ப்பார், அடுத்த கோடு. வெள்ளையில் பொடியளவு காவியும் கறுப்பும் சேர்த்து அதையும் மேட் ஆக்கியிருந்தோம். பாக்கெட் பால் வெள்ளை அந்தப் பச்சையின் மேல் கத்தும். பழைய வெள்ளை அப்படி இல்லை. மஞ்சள் வட்டத்துக்கு நமக்குக் கிடைத்த வளைவை வைத்துக் காம்பஸில் முழு வட்டத்தின் அளவைக் கண்டுபிடித்து எழுதினோம். நடுவில் கறுப்பில் 2.

அவ்வளவோடு எழுத்து வேலை முடிந்தது. மேலும் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் உண்டு. "ஸ்டார் போட்டாத்தானுங்க மிலிட்டரி ஜீப்னு நம்புவாங்க" என்றார் வண்டி பார்க்க வந்த உறவினர் ஒருவர். சொந்தக்காரரின் மகனுக்குப் படைப்பிரிவுச் சின்னம் போட வேண்டும் என்று ரொம்ப ஆசை. ஆசைப்படாமல் இருக்க முடியாத சின்னங்கள்தான் அவை. 17-வது இந்திய டிவிஷனுக்குக் கறுப்புப் பூனை, 5-வதுக்குச் சிவப்புப் பந்து, 7-வதுக்குத் தங்க அம்பு, 19-வதுக்குக் குத்துவாள் ஏந்திய கை. பர்மாவில் போரிட்ட இந்தப் பிரிவுகளில் நம் மாகாணத்து ஆட்களும் இருந்திருக்கிறார்கள். முன் பம்பரில் சின்னம் இருந்திருக்கக்கூடிய இடத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தேடினேன். துரு எல்லாவற்றையும் தின்றிருந்தது. சதுரமாக ஒரு விளிம்பின் மிச்சம் தெரிந்தது, உள்ளே என்ன இருந்தது என்று சொல்ல எதுவுமில்லை. அந்தப் பையனிடம் சொன்னேன்: பூனை வரைவதற்கு அரை மணி நேரம் போதும். வரைந்துவிட்டால் அப்புறம் இந்த வண்டி போர் நடந்த இம்பால் சாலையில் போனது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்ல ஆரம்பிப்பார்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் அதை நம்புவார்கள். அந்தப் பிரிவில் செத்துப்போனவர்களின் சின்னத்தை, தெரியாத ஒரு வண்டியில் அழகுக்காக ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் யோசித்துவிட்டு, சதுரத்தின் அளவையும் இடத்தையும் நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டான். ஏழு இலக்க எண்ணை வைத்துப் பழைய ஆவணங்களில் தேடும் வேலையையும் அவனே எடுத்துக்கொண்டிருக்கிறான்.

தேய்த்தெடுத்த அசல் எழுத்தை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். வலது பக்கத்தில் எண்ணின் முன்பாதி இருந்த நசுங்கிய இடத்தை நிமிர்த்தியே ஆக வேண்டியிருந்தது. ஆனால் தப்பித்திருந்த பின்பாதியைத் தொடவில்லை. அதை அழிக்காமல், மேலே எளிதில் கரைத்தெடுக்கக்கூடிய ஒரு வார்னிஷை இரண்டு கை பூசி, அதன்மேல்தான் புதுப் பூச்சு அடித்திருக்கிறோம். நாளைக்கு யாராவது நம்மைவிட நல்ல முறையோடு வந்தால் டர்பெண்டைன் துணியால் மேல்பூச்சைத் தளர்த்தி அசலுக்குப் போய்விடலாம். மாதிரித் தகட்டில் செய்துபார்த்து உறுதியான பிறகுதான் வண்டியில் செய்தோம். இந்த இடம் பானட்டில் எங்கிருந்து எங்கு வரை என்ற அளவும், அடுக்கு வளையங்களின் போட்டோக்களும், டிரான்ஸ்பரண்ட் ஷீட்டுகளும் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு ஒரே ஃபைலில் இருக்கின்றன.

பராமரிப்பு பற்றிச் சொந்தக்காரருக்கு எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான். வாக்ஸ், பாலிஷ், டேஷ்போர்டு ஸ்ப்ரே எதுவும் பெயின்டில் படக் கூடாது, பட்ட இடம் திட்டுத் திட்டாக மினுங்கும். வெறும் தண்ணீரும் கொஞ்சம் ஷாம்பூவும் போதும், துணியால் அழுத்தித் துடைக்காமல் நிழலில் காயவிடவும். பெட்ரோல் ஊற்றும்போது டிரைவர் சீட் ஓரத்தில் பழந்துணி போட்டுக்கொள்ளவும், எனாமல் பெட்ரோலைத் தாங்காது. ஆழமான கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தொட்டுவைக்க வேண்டாம், அந்தப் பேனலை முழுசாக அடிக்க வேண்டும். அதற்காக மீதிப் பெயின்டைச் சின்னச் சின்ன டப்பாக்களில் விளிம்பு வரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, எது வெளிப்புறப் பச்சை, எது உள்புற ஆலிவ், எது எஞ்சின் சாம்பல், கிளாஸ் எத்தனை பங்கு என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஷெட் அலமாரியில் வைத்திருக்கிறேன். எழுத்துக்கான வெள்ளை தனி டப்பா. அதைத் திறப்பதற்கு முன் போர்டு எழுதும் பெரியவருக்கு ஒரு போன் போட்டுவிடவும்.